கணிப்பொறிகள் ஒன்றையொன்று அழைப்பது எப்படி?

தொலைபேசியில் பேசத் தொடங்குமுன் எத்தனை செய்கைகள் நடக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ரிசீவரை எடுக்கிறோம். இணைப்பகத்திலிருந்து ஓர் ஓசை வருகிறது. அவ்வோசை வந்த பின்னரே எண்களைச் சுழற்றுகிறோம். மறுமுனையில் மணி ஒலிக்கிறது. அல்லது 'பிசி' என்பதற்கான விட்டுவிட்டு வரும் ஒலி கேட்கிறது. இவற்றையெல்லாம் காது கேட்கிறது, மனம் பொருள் கொள்கிறது, விரல் செயற்படுகிறது. ஓசை வராவிடில் சற்றுப் பொறுக்கிறோம். மீண்டும் வைத்து எடுக்கிறோம். இதற்கென எந்த நூலையும் நாம் படித்ததில்லை.

இதே வேலையை ஒரு கணிப்பொறி செய்ய வேண்டுமாயின் அதற்குக் காதுமில்லை, பொறுமையுமில்லை. அது அறிந்ததெல்லாம் 0, 1 என்னும் இரண்டே குறிகள். பேச்சு நடக்கும்போது செல்வதும் அதே 0, 1 தான். அழைப்பு விடுக்கும்போது செல்வதும் அதே 0, 1 தான். எது அழைப்பு, எது செய்தி என்று பிரித்தறிவது எங்ஙனம்? இக்கேள்விக்குப் பன்னாட்டுத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு, அதாவது சி.சி.ஐ.டி.டி., ஒரு விடை வகுத்தது. அதற்கு எக்ஸ்.21 என்று பெயர். முதலில் 1972இல் வெளியான இப்பரிந்துரை 1976, 1980, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. ஸ்காண்டிநேவிய நாடுகள் கூட்டாக நடத்திய டேட்டெக்ஸ் வலைப்பின்னலும், அன்றைய மேற்கு ஜெர்மனியின் டேட்டெக்ஸ்-எல் வலைப்பின்னலும் இம்முறையைக் கையாண்டன. அந்த வலைப்பின்னல்கள் இன்று இல்லை. ஆயினும் அம்முறையின் உள்ளே ஒளிந்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. அது மாணவர்கள் காகிதமும் பென்சிலும் கொண்டே சரிபார்க்கக் கூடியது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கம்பிகளைப் பார்ப்போம். பழைய வழக்கப்படி ஒரு முனையத்தையும் மோடத்தையும் இணைக்க 25 ஊசிகள் கொண்ட செருகி பயன்பட்டது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனிக் கம்பி என்பது அதன் கொள்கை. எக்ஸ்.21 இதைத் தலைகீழாக்கியது. கம்பிகளைக் குறை, பொருளைக் கூட்டு என்றது. செருகியில் 15 ஊசிகள். அவற்றிலும் உயிர்நாடியானவை ஒரு சிலவே. முனையத்திலிருந்து வலைப்பின்னலுக்குச் செல்லும் கம்பி டி. அதனுடன் துணையாகச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பி சி. வலைப்பின்னலிலிருந்து வருவது ஆர்; அதன் துணை ஐ. கடிகாரத் துடிப்பைத் தருவது எஸ். இத்துடிப்பை வலைப்பின்னலே தருகிறது. முனையம் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தாளம் போட முடியாது. இதனால்தான் இது ஒத்திசைவு முறை எனப்படுகிறது. வேகம் 600, 2400, 4800, 9600, 48000 பிட் எனப் பல வகுப்புகளாகும். பி என்று இன்னொரு கம்பியும் உண்டு. எட்டெட்டு பிட்டுகளாகப் பிரியும் எல்லையை அது காட்டும். ஆனால் அது கட்டாயமன்று. வலைப்பின்னல் தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை. தராத இடத்தில்தான் நம் கதை சுவைபெறுகிறது.

இனி அழைப்பு நடக்கும் விதம். ஓய்வில் இருக்கும்போது டி கம்பியில் இடைவிடாத 1. சி கம்பி ஆஃப். 'நான் தயார்' என்பது இதன் பொருள். வலைப்பின்னலும் ஆர் கம்பியில் இடைவிடாத 1 தந்து, ஐ கம்பியை ஆஃப் நிலையில் வைத்திருக்கும். முனையம் அழைக்க விரும்பினால் டி கம்பியை இடைவிடாத 0 ஆக்கி, சி கம்பியை ஆன் செய்கிறது. ரிசீவரை எடுத்தது போல. உடனே வலைப்பின்னல் 'சின்' எனப்படும் ஒத்திசைவு எழுத்தை இரண்டோ மேலுமோ அனுப்பி, அதன்பின் + குறியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. 'எண்ணைச் சொல்லலாம்' என்பது இதன் பொருள். நாம் கேட்கும் அந்த ஓசைக்கு இணை. இது 3 நொடிக்குள் வராவிடில் முனையம் முயற்சியைக் கைவிட வேண்டும். வந்தால், முனையமும் சின் எழுத்துகளை முன்னனுப்பி, அழைக்கும் எண்ணை எழுத்தெழுத்தாக அனுப்பி, இறுதியில் ஒரு + வைத்து முடிக்கிறது. பிறகு டி கம்பியில் 1 வைத்துக் காத்திருக்கிறது. இக்காத்திருப்புக்கு அளவு 20 நொடி.

அக்காலத்தில் வலைப்பின்னல் சும்மா இருப்பதில்லை. சின் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருந்து, தேவையானபோது இரண்டு இலக்கக் குறியெண் ஒன்றால் நிலைமையைத் தெரிவிக்கிறது. 21 என்றால் அவ்வெண் வேறொரு தொடர்பில் இருக்கிறது. 43 என்றால் அவ்வெண் கிடைக்கத்தக்கதன்று. 61 என்றால் வலைப்பின்னலில் நெரிசல். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க. முதல் இலக்கமே அறிவுரையாக அமைந்திருக்கிறது. 2, 6 எனத் தொடங்கினால் தடை தற்காலிகமானது; சற்றுப் பொறுத்து மீண்டும் அழைக்கலாம். 4, 5, 7 எனத் தொடங்கினால் உடனே மீண்டும் அழைப்பதில் பயனில்லை. மனிதனுக்குப் பொறுமையாலும் அனுபவத்தாலும் வரும் பகுத்தறிவை ஓர் இலக்கத்தில் வைத்துவிட்டார்கள். தொலைபேசியில் 'பிசி' என்றறிந்தும் அடுத்த கணமே பத்து முறை சுழற்றுவோர் நம்மில் உண்டு. அவர்களுக்கும் இப்படியொரு இலக்கம் தேவைதான்.

இணைப்புக் கிடைத்துவிட்டால் வலைப்பின்னல் ஆர் கம்பியில் 1 தந்து, ஐ கம்பியை ஆன் செய்கிறது. அதுவரை அடைபட்டிருந்த கதவு திறந்தது. அதன்பின் இரு முனையங்களும் என்ன பிட்டுகளை வேண்டுமானாலும் அனுப்பலாம். வலைப்பின்னல் அவற்றைப் படிப்பதில்லை, தொடுவதுமில்லை.

அழைப்பு வெளியிலிருந்து வருவதாயின் சின் எழுத்துகளுக்குப் பின் 'பெல்' என்னும் எழுத்து தொடர்ந்து வரும். பெயருக்கேற்ப அதுவே மணி. தானியங்கி முனையம் அரை நொடிக்குள் சி கம்பியை ஆன் செய்து, டி கம்பியில் 1 வைத்து ஏற்றுக்கொள்ள வேண்டும். நாம் ரிசீவரை எடுக்கும் அதே கணத்தில் வெளி அழைப்பு வந்துவிடுவதுண்டல்லவா? இங்கும் அது நேரும். அப்போது வெளியே செல்லும் அழைப்புக்கே முன்னுரிமை. உள்ளே வரும் அழைப்பை வலைப்பின்னல் விலக்கிவிட்டு 'எண்ணைச் சொல்லலாம்' என்கிறது. வீட்டுக்காரருக்கு முதல் மரியாதை.

இவ்வளவையும் ஒரு நுண்செயலி பிட் பிட்டாகப் பார்த்துக் கொண்டிருந்தால் வேறு எந்த வேலையும் நடவாது. ஆகவே இடையில் ஒரு தனிச் சில்லு வைக்கப்படுகிறது. தொடர் தொடர்புக் கட்டுப்பாட்டுச் சில்லு என்று இதைச் சொல்லலாம். இவ்வகையில் பல உண்டு. இன்டெல் 8251 எழுத்து வாரியான முறைகளை மட்டும் அறியும். இன்டெல் 8273 சட்டம் வாரியான எச்.டி.எல்.சி. முறையை மட்டும் அறியும். எக்ஸ்.21 கேட்பதோ இரண்டையும். அழைப்பு நடக்கும்போது எழுத்து வாரியான முறை. இணைப்புக் கிடைத்தபின் பெரும்பாலும் எச்.டி.எல்.சி. முறை. ஒரே கம்பியில் முதலில் ஒரு மொழி, பிறகு வேறொரு மொழி. இரண்டையும் அறிந்த சில்லுகளுள் புகழ் பெற்றது சைலாக் நிறுவனத்தின் இசட் 8530. 40 கால்கள், இரண்டு தனித்தனி வழிகள். 1984இல் வெளிவந்த ஆப்பிள் மக்கின்டாஷ் கணிப்பொறியின் தொடர் இணைப்புகளைக் கவனித்ததும் இச்சில்லே. அதையே உதாரணமாகக் கொள்வோம்.

சில்லின் உள்ளே பதிவேடுகள் பல. அவற்றில் எழுதும் பிட்டுகளே அதற்கு நாம் இடும் கட்டளைகள். ஐந்தாம் எழுதுபதிவேட்டை மட்டும் சற்று உற்று நோக்குக. அதில் ஒரு பிட் ஆர்.டி.எஸ். என்னும் காலை இயக்குகிறது; அதை நாம் சி கம்பியுடன் இணைக்கிறோம். இன்னொரு பிட் 'முறிவு' அனுப்புகிறது. அதாவது வேறு எது நடந்துகொண்டிருந்தாலும் டி கம்பியை 0 நிலையில் பிடித்து வைக்கிறது. மூன்றாவது ஒரு பிட் அனுப்பும் பகுதியை இயக்குகிறது அல்லது நிறுத்துகிறது. நிறுத்தினால் டி கம்பி 1 நிலைக்குச் செல்கிறது. எக்ஸ்.21 கேட்பதும் டி, சி ஆகிய இரண்டின் சேர்க்கைகளைத்தானே! அழைப்பு வேண்டுமாயின் முறிவு, ஆர்.டி.எஸ். இரண்டையும் ஏற்றுக. தயார் என்றால் இரண்டையும் இறக்குக. துண்டிக்க வேண்டுமாயின் முறிவை ஏற்றி ஆர்.டி.எஸ்.ஸை இறக்குக. ஒரே பதிவேட்டில் ஒரே முறை எழுதினால் இரு கம்பிகளும் சேர்ந்தே மாறுகின்றன. முறிவு என்பது பழைய தட்டச்சுத் தந்திக் கருவிகளுக்காக வந்த வசதி. அது இங்கே பொருந்திவிட்டது.

எண்ணை அனுப்பும் வேலையும் எளிதே. அனுப்பும் பகுதியை இயக்கியதும், கொடுக்க எழுத்து ஒன்றும் இல்லாத நேரத்தில் சில்லு தானாகவே சின் எழுத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே முன்னனுப்ப வேண்டிய சின் எழுத்துகளுக்கு நுண்செயலி சிரமப்பட வேண்டியதில்லை. ஆனால் இதே வசதி இறுதியில் இடைஞ்சலாகிறது. கடைசி + குறிக்குப் பின் வரவேண்டியது இடைவிடாத 1. சில்லோ சின் எழுத்தைப் போடத் துடிக்கும். இதற்கொரு உபாயம் உண்டு. + குறி வெளியேறத் தொடங்கியதும் 'அடுத்த எழுத்துக்கு இடம் காலி' என்று சில்லு நுண்செயலியைத் தட்டும். அந்தக் கணத்தில் அனுப்பும் பகுதியை நிறுத்திவிடலாம். நிறுத்தினாலும் பாதியில் உள்ள எழுத்தை முடித்துவிட்டே சில்லு 1 நிலைக்குச் செல்லும். அந்த ஓர் எழுத்து நேரத்திற்குள் நிறுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து 0.83 மில்லி நொடி. 48000 பிட் வேகத்தில் 0.17 மில்லி நொடியே.

பெறும் பக்கம்தான் கடினம். வரும் பிட்டுகளில் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆகவே சில்லைத் 'தேடுநிலை'யில் வைக்கிறோம். அந்நிலையில் அது ஒவ்வொரு பிட் வந்ததும், கடைசியாக வந்த பிட்டுகள் சின் எழுத்துகளோடு ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கிறது. ஒத்துப்போன கணமே எல்லை தெரிந்துவிட்டது. அதிலிருந்து எட்டெட்டாக நறுக்கி, மூன்று எழுத்துகள் கொள்ளும் ஒரு சிறு வரிசையில் வைக்கிறது.

எழுத்துகளுக்கு எல்லை உண்டு, சரி. ஆனால் எக்ஸ்.21இன் பாதிச் செய்திகள் எழுத்துகளே அல்லவே! இடைவிடாத 1, இடைவிடாத 0 என்பவை நிலைகள். முனையம் 'இயங்குகிறேன், ஆனால் இப்போது அழைப்பு ஏற்க இயலாது' என்று சொல்ல 0, 1 என மாறி மாறி அனுப்பும் மூன்றாவது நிலையும் உண்டு. எழுத்துகளின் ஓட்டத்திற்கு நடுவே இந்நிலைகள் வரும்போது, இவற்றையும் எழுத்து என்று மயங்காமல் இருப்பது எப்படி? இதற்குப் பரிந்துரை கூறும் விதி: எந்த நிலையையும் குறைந்தது 24 பிட் நேரம் அனுப்புக; தொடர்ந்து 16 பிட் கண்டால் அதை அந்நிலை என்று கொள்க. ஏன் 24? ஏன் 16? முதன்முறை படிக்கும்போது இவை எவரோ மனம்போனபடி எழுதிய எண்கள் போலவே தோன்றும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். சில்லு எட்டெட்டாக நறுக்கிக் கொண்டிருக்கிறது. நிலை எந்த இடத்தில் தொடங்கும் என்று சொல்ல முடியாது. ஓர் எட்டின் நடுவிலும் தொடங்கலாம். மிகமோசமான இடத்தில் தொடங்கினால் முதல் 7 பிட்டுகள் முந்தைய எட்டின் வாலில் வீணாகிவிடும். 24இல் 7 போனால் 17. அதில் முழு எட்டுகள் இரண்டு அடங்கும். ஆகவே 24 பிட் அனுப்பினால், எந்த இடத்தில் தொடங்கினாலும், பெறும் சில்லின் வரிசையில் ஒரே மாதிரியான இரண்டு முழு எழுத்துகள் வந்தே தீரும். இரண்டு எழுத்து என்பது 16 பிட். விதி கேட்ட 16 கையில் வந்துவிட்டது! பிட் பிட்டாக எண்ணும் தனிச் சுற்று எதுவும் தேவையில்லை. ஒரே மாதிரி இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வந்தனவா என்று நிரல் பார்த்தால் போதும்.

இதோடு முடியவில்லை. அழைப்பு எழுத்துகளில் ஏழு பிட் எழுத்துக்கு, எட்டாவது பாரிட்டி பிட். 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்படி அந்த எட்டாவது பிட் அமைகிறது. இப்போது நிலைகளை எட்டெட்டாக நறுக்கிப் பாருங்கள். 00000000 என்பதில் 1கள் இல்லை, பூச்சியம் இரட்டைப்படை. 11111111 என்பதில் எட்டு, இரட்டைப்படை. 01010101 என்றாலும் 10101010 என்றாலும் நான்கு; இரட்டைப்படை. ஆக மூன்று நிலைகளுமே பாரிட்டி விதியை மீறியவை. சரியான எழுத்து எதுவும் அவற்றைப் போல இருக்க முடியாது. தொடர்ச்சியான 16 பிட்டுகளில் எங்கே நறுக்கினாலும் ஒரு முழு எட்டாவது அடங்கியே தீரும். ஆகவே சரியான எழுத்துகள் எவ்வளவு நீளமாக எந்த வரிசையில் வந்தாலும், அவற்றுள் 16 பிட் நீளத்திற்கு ஒரு நிலை தற்செயலாகத் தோன்றிவிட வழியே இல்லை. பாரிட்டியை இரட்டைப்படையாக வைத்திருந்தால் இக்கட்டிடம் முழுவதும் சரிந்திருக்கும்.

இதனால் நிரல் எழுதுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாரிட்டியைச் சோதிக்கும் வேலையைச் சில்லிடம் ஒப்படைத்தால், நிலை ஒன்று வரும்போதெல்லாம் அது 'பிழை, பிழை' என்று கூவும். அதைவிட, பாரிட்டி இல்லாத எட்டு பிட் எழுத்து என்றே சில்லுக்குச் சொல்லிவிட்டு, சோதனையை நிரலே செய்துகொள்ளலாம். 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும். வந்த எட்டை எண்ணாகக் கொண்டு அட்டவணையைப் பார்த்தால், இது எழுத்தா, நிலையா, உண்மையான பிழையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இவ்வளவு அழகாக அமைந்த ஏற்பாட்டில் ஒரு குழியும் இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சின் எழுத்தைக் கம்பியில் செல்லும் வரிசைப்படி, பாரிட்டியுடன் எழுதினால் 01101000. பூச்சியம் என்னும் இலக்கத்தை அதேபோல எழுதினால் 00001101. பார்வைக்கு வேறு வேறு. ஆனால் மூன்று பூச்சியங்களை அடுத்தடுத்து எழுதுங்கள்: 00001101 00001101 00001101. இப்போது முதல் மூன்று பிட்டுகளை விட்டுவிட்டு, நான்காவதிலிருந்து எட்டெட்டாகப் பிரியுங்கள்: 01101000 01101000, மீதி 01101. இரண்டு சின் எழுத்துகள்! பூச்சியம் என்பது சின் எழுத்தையே மூன்று இடம் சுழற்றி வைத்த வடிவம். ஆகவே எண்ணில் 000 என்று வந்தால், அதன் உள்ளே ஒத்திசைவு எழுத்து இரட்டையாக ஒளிந்திருக்கிறது.

எல்லை சரியாகத் தெரிந்த சில்லுக்கு இதனால் தீங்கில்லை. அது எட்டெட்டாக நறுக்கிப் பூச்சியத்தைப் பூச்சியமாகவே காணும். தீங்கு எப்போதெனில், நடுவழியில் மறுபடியும் தேடுநிலைக்குச் செல்லும்போதுதான். கம்பியில் ஏதோ இரைச்சலால் ஓர் எழுத்தின் பாரிட்டி தவறியது என்று வைத்துக்கொள்வோம். பயந்துபோன நிரல் சில்லை உடனே தேடுநிலையில் போடுகிறது. அப்போது அழைக்கப்பட்ட எண்ணை வலைப்பின்னல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதில் 000 வருகிறது. சில்லு மகிழ்ந்து போய், மூன்று பிட் தள்ளிய தவறான இடத்தில் எல்லையைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் வரும் எழுத்துகள் அனைத்தும் குளறுபடி. இன்னும் கேளுங்கள்: வரும் சின் எழுத்துகளை வரிசையில் சேர்க்காமல் உதறிவிடும் வசதி ஒன்று இச்சில்லில் உண்டு. பயனுள்ள வசதிதான். ஆனால் தவறான எல்லையில் நிற்கும் சில்லு, வரும் பூச்சியங்களையெல்லாம் சின் என்று கொண்டு, சத்தமில்லாமல் விழுங்கிவிடும். மறுமுனையின் எண்ணில் இருந்த பூச்சியங்கள் எங்கே போயின என்று நிரல் எழுதியவர் நாட்கணக்கில் தேட வேண்டியதுதான். பூச்சியம் இல்லாத எண்களைக் கொண்டு சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும் என்பது இன்னொரு வேடிக்கை. என் கருத்து இது: அழைப்பின் நடுவே பாரிட்டி தவறினால் மறுபடி தேடாதீர்கள், அவ்வழைப்பைத் துண்டித்துப் புதிதாகத் தொடங்குங்கள். தேடுநிலைக்கு ஏற்ற இடம், ஆர் கம்பியில் 1 நிலை நிலவும் ஓய்வுக் காலம் ஒன்றே.

அந்த ஓய்வுக் காலத்திலும் ஒரு குறை உண்டு. தேடுநிலையில் இருக்கும் சில்லு வரிசையில் எதையும் சேர்ப்பதில்லை. அச்சமயம் வலைப்பின்னல் பழுதாகி, 'தயாரில்லை' என்பதற்கான இடைவிடாத 0 வந்தாலும் சில்லுக்குத் தெரியாது. ஐ கம்பியோ இரு நிலைகளிலும் ஆஃப்தான். குருடன் காவல் காத்தது போலாகும். இதைத் தீர்க்க ஒரு வழி, ஆர் கம்பியைச் சில்லின் சி.டி.எஸ். என்னும் காலுக்கும் ஒரு கிளையாகக் கொடுப்பது. அக்கால் மாறும்போது சில்லு நுண்செயலியைத் தட்டும். எழுத்துகள் வரத் தொடங்கியதும் அத்தட்டலை அடைத்துவிட வேண்டும்; இல்லையேல் ஒவ்வொரு பிட் மாற்றத்துக்கும் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஐ கம்பியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதை டி.சி.டி. என்னும் காலில் இணைக்கிறோம். அது ஆன் ஆனவுடன் சில்லு செய்தி சொல்கிறது. ஆனால் அக்கணத்தில், அதற்கு முன்பே வந்த எழுத்துகள் இன்னும் மூவெழுத்து வரிசையில் கிடக்கலாம். கம்பியில் முன்னே வந்தது பின்னேயும், பின்னே வந்தது முன்னேயும் நுண்செயலியைச் சேர்கின்றன. 'இணைப்புக் கிடைத்தது' என்று கேட்டவுடன் பாய்ந்து வரிசையைக் காலி செய்துவிட்டால், கிடைத்த இணைப்பு யாருடையது என்ற விவரம் போய்விடும். முதலில் வரிசையைப் படித்து முடித்துவிட்டே ஐ கம்பியின் செய்தியை ஏற்க வேண்டும்.

இப்போது மொழி மாற்றம். இணைப்புக் கிடைத்தது, சில்லை எழுத்து முறையிலிருந்து எச்.டி.எல்.சி. முறைக்கு மாற்ற வேண்டும். நான்காம் எழுதுபதிவேட்டில் முறையைக் குறிக்கும் பிட்டுகளையும், ஏழாம் பதிவேட்டில் சின் எழுத்துக்குப் பதிலாகச் சட்டத்தின் கொடியாகிய 01111110 என்பதையும் எழுத வேண்டும். முறையை மாற்றுமுன் ஒரு முறை சில்லின் அவ்வழியைத் துப்புரவாகத் துடைத்துவிடலாமே என்று எவருக்கும் தோன்றும். அதற்கென ஒரு கட்டளையும் இருக்கிறது. அக்கட்டளையை இங்கே இடுவது தற்கொலை. துடைக்கும்போது ஐந்தாம் பதிவேட்டில் உள்ள ஆர்.டி.எஸ். பிட்டும் சேர்ந்து அழிகிறது. சி கம்பி ஆஃப் ஆகிறது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அழைப்பை, பேசத் தொடங்கும் வாயிலில் நாமே கைவிட்டதாக வலைப்பின்னல் கொள்ளும். ஆகவே டி கம்பியை 1 நிலையிலும் சி கம்பியை ஆன் நிலையிலும் விட்டுவிட்டு, மற்றப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வீட்டில் ஆள் இருக்கும்போதே கூரையை மாற்றும் வேலை இது.

பேச்சு முடிந்தால் துண்டிப்பு. முனையம் டி கம்பியில் 0 வைத்து, சி கம்பியை ஆஃப் செய்கிறது. வலைப்பின்னல் ஆர் கம்பியில் 0, ஐ கம்பி ஆஃப் என ஒப்புக்கொண்டு, பிறகு 1 நிலைக்குத் திரும்புகிறது. முனையமும் டி கம்பியை 1 ஆக்குகிறது. மறுமுனைதான் துண்டித்தது என்றால் ஐ கம்பி ஆஃப் ஆவதே நம்பத்தகுந்த அடையாளம். பேச்சு நடக்கும்போது ஆர் கம்பியில் எத்தனை 0 தொடர்ந்து வந்தாலும் அது செய்தியாகவே இருக்கலாம். முன்பு சொன்ன 16 பிட் கணக்கு இங்கே செல்லாது.

ஐ.எஸ்.டி.என். முறை பரவியபின் எக்ஸ்.21இன் அழைப்புப் பகுதி வழக்கொழிந்தது. அதன் செருகியும் கம்பிகளும் மட்டும் அழைப்பே தேவைப்படாத நிரந்தர வாடகை இணைப்புகளில் தொடர்ந்தன. சாதாரணத் தொலைபேசி வழியே ஒத்திசைவு முறையில் அழைக்க வி.25 பிஸ் என்னும் வேறொரு பரிந்துரை வந்தது. அதில் இடைவிடாத 0 இல்லை, 24 பிட் கணக்கில்லை. அழைக்கும் எண்ணுக்கு முன் 'சி.ஆர்.என்.' என்று மூன்றெழுத்து வைத்து, எச்.டி.எல்.சி. சட்டம் ஒன்றில் அடைத்து மோடத்திற்கு அனுப்பினால் போதும். அழைப்பும் பேச்சும் ஒரே மொழியில் நடப்பதால், சில்லின் முறையை நடுவழியில் மாற்றும் தொல்லை அங்கே இல்லை.